விமான மோதல் தவிர்ப்பு அமைப்பு

விமான மோதல் தவிர்ப்பு அமைப்பு என்பது, வானில் பறக்கும் இரண்டு விமானங்கள் ஒன்றோடொன்று மோதாதபடி விமானிகளை எச்சரித்து, மேலே ஏறுவதா கீழே இறங்குவதா என்று வழி சொல்லும் மின்னணுக் கருவித் தொகுதி ஆகும். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து இதை டிகாஸ் என்று அழைக்கின்றனர். பன்னாட்டுக் குடிசார் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் ஆவணங்களில் இவ்வகைக் கருவிகளுக்கு ஏகாஸ் என்பது பொதுப்பெயர்.

இந்தக் கருவி தரையில் உள்ள ரேடாரையோ கட்டுப்பாட்டு அறையையோ நம்பி இயங்குவதில்லை. விமானத்துக்குள் இருந்தபடியே சுற்றியுள்ள விமானங்களைத் தானே வினவி, கிடைக்கும் பதில்களைக் கொண்டு ஆபத்தைக் கணக்கிடுகிறது. தரையில் உள்ளவர்களும் விமானிகளும் தவறு செய்துவிட்ட நிலையில் எஞ்சியிருக்கும் கடைசிப் பாதுகாப்பு இதுவே.

1996ஆம் ஆண்டு அரியானா மாநிலம் சர்க்கி தாத்ரிக்கு மேலே இரண்டு விமானங்கள் மோதி 349 பேர் இறந்தனர். இதன் பின்னர் இந்தியா இக்கருவியைக் கட்டாயமாக்கியது. ஆயினும் கருவி பொருத்தப்பட்டிருப்பது மட்டும் போதாது, அது சொல்வதை விமானி உடனே கேட்டு நடக்கவும் வேண்டும் என்பதை 2002இல் ஐரோப்பாவில் நிகழ்ந்த மற்றொரு விபத்து உணர்த்தியது.

வானில் இடைவெளி காக்கும் முறை

விமானங்களை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கி வைப்பது தரையில் உள்ள வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரின் பணி. பக்கவாட்டில் குறிப்பிட்ட தொலைவோ, மேல்கீழாகக் குறிப்பிட்ட உயர வேறுபாடோ இருக்குமாறு அவர் பார்த்துக்கொள்கிறார். இன்று 41,000 அடி உயரம் வரை பொதுவாகக் காக்கப்படும் செங்குத்து இடைவெளி 1,000 அடி, அதாவது ஏறத்தாழ 305 மீட்டர். கிழக்கு நோக்கிச் செல்லும் விமானங்களுக்கு 15,000, 17,000 போன்ற ஒற்றைப்படை உயரங்களும், மேற்கு நோக்கிச் செல்பவற்றுக்கு 14,000, 16,000 போன்ற இரட்டைப்படை உயரங்களும் தரப்படுவது பொது விதி.

எனவே எதிரெதிரே வரும் இரு விமானங்கள் ஒரே வான்வழியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கடந்து செல்வது அன்றாட நிகழ்வு. ஆனால் ஒருவர் உயரத்தைத் தவறாகப் புரிந்துகொண்டாலோ, சொன்ன உயரத்தில் நிற்காமல் கடந்துவிட்டாலோ அந்த 1,000 அடி இடைவெளி ஓரிரு நிமிடங்களில் மறைந்துவிடும்.

கண்ணால் பார்த்து விலகிக்கொள்வதும் எளிதன்று. எதிரெதிரே வரும் இரு ஜெட் விமானங்கள் ஒவ்வொன்றும் மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் பறந்தால், அவை நெருங்கும் வேகம் மணிக்கு 1,800 கி.மீ. அதாவது நொடிக்கு அரை கி.மீ. புதுக்கோட்டை மாவட்டம் கறம்பக்குடிக்கு மேலே ஒரு விமானமும், சுமார் 20 கி.மீ. தள்ளி ஆலங்குடிக்கு மேலே மற்றொரு விமானமும் எதிரெதிரே வருவதாகக் கொண்டால், அவை சந்திக்க 40 நொடிகளே ஆகும். அவ்வளவு தொலைவில் எதிரே வரும் விமானம் கண்ணுக்கு ஒரு புள்ளியாகத்தான் தெரியும். மோதும் பாதையில் வரும் விமானம் கண்ணாடியில் இடம் மாறாமல் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றுவதால் கண் அதை எளிதில் கவனிப்பதில்லை. மேகத்திலும் இருட்டிலும் நிலைமை இன்னும் மோசம்.

சர்க்கி தாத்ரி விபத்து

1996 நவம்பர் 12 அன்று மாலை 6.32 மணிக்குச் சவுதி அரேபிய விமான நிறுவனத்தின் போயிங் 747 விமானம் தில்லியிலிருந்து தஹ்ரான் நகருக்குப் புறப்பட்டது. அதில் 312 பேர் இருந்தனர். பயணிகளில் மிகப் பலர் வேலைக்காகச் சவுதி அரேபியா சென்ற இந்தியர்கள். அதே நேரத்தில் கசகஸ்தானின் சிம்கென்ட் நகரிலிருந்து 37 பேருடன் வந்த கசகஸ்தான் விமான நிறுவனத்தின் இலியூஷின் 76 விமானம் தில்லியில் இறங்குவதற்காகத் தாழ்ந்துகொண்டிருந்தது.

மேற்கே சென்ற சவுதி விமானத்தை 14,000 அடி வரை ஏறவும், கிழக்கே வந்த கசகஸ்தான் விமானத்தை 15,000 அடி வரை இறங்கவும் தில்லிக் கட்டுப்பாட்டாளர் அனுமதித்தார். எதிரே ஒரு சவுதி விமானம் வருகிறது என்றும் கசகஸ்தான் விமானத்துக்கு அவர் தெரிவித்தார். இடையில் 1,000 அடி இடைவெளி இருந்திருக்க வேண்டும். ஆனால் கசகஸ்தான் விமானம் 15,000 அடியில் நிற்காமல் தொடர்ந்து கீழிறங்கியது. புறப்பட்ட சில நிமிடங்களிலேயே, தில்லிக்கு மேற்கே ஏறக்குறைய 100 கி.மீ. தொலைவில் உள்ள சர்க்கி தாத்ரிக்கு மேலே சவுதி விமானம் அதனோடு மோதியது. இரு விமானங்களிலும் இருந்த 349 பேரும் இறந்தனர். நடுவானில் விமானங்கள் மோதிய விபத்துகளில் உலகிலேயே மிகுந்த உயிரிழப்பை ஏற்படுத்தியது இதுவே.

நீதிபதி ஆர். சி. லஹோட்டி தலைமையிலான விசாரணை ஆணையம், கசகஸ்தான் விமானம் அனுமதிக்கப்பட்ட உயரத்துக்குக் கீழே இறங்கியதே விபத்துக்குக் காரணம் என முடிவு செய்தது. அவ்விமானத்தில் கட்டுப்பாட்டு அறையோடு பேசியவர் வானொலி இயக்குநர். அவருக்கெனத் தனி உயரமானி இல்லை. விமானிகளின் முன்னால் இருந்த கருவியை எட்டிப் பார்த்தே அவர் உயரத்தை அறிய வேண்டியிருந்தது. குழுவினரின் ஆங்கில அறிவுக் குறைவும் சுட்டிக்காட்டப்பட்டது.

தரையிலும் குறைகள் இருந்தன. அப்போது தில்லியில் பயன்பட்டது முதன்மை ரேடார் மட்டுமே. அது விமானத்திலிருந்து எதிரொலித்து வரும் அலையைக் கொண்டு திசையையும் தொலைவையும் காட்டும், உயரத்தைக் காட்டாது. உயரத்தை அறிய விமானிகள் வாய்வழியாகச் சொல்வதையே கட்டுப்பாட்டாளர் நம்ப வேண்டியிருந்தது. எனவே கசகஸ்தான் விமானம் கீழிறங்கியது அவர் திரையில் தெரியவில்லை. மேலும், வான்வெளியின் பெரும்பகுதி விமானப்படைக்கு ஒதுக்கப்பட்டிருந்ததால், தில்லிக்கு வரும் விமானங்களும் அங்கிருந்து செல்லும் விமானங்களும் ஒரே வான்வழியைப் பயன்படுத்தின.

இரு விமானங்களிலும் மோதல் தவிர்ப்புக் கருவி இல்லை. இருந்திருந்தால், மோதலுக்கு முன் முக்கால் நிமிட அளவில் முதல் எச்சரிக்கையும், அரை நிமிட அளவில் ஒரு விமானத்துக்கு ஏறும்படியும் மற்றொன்றுக்கு இறங்கும்படியும் ஆணையும் கிடைத்திருக்கக்கூடும். விபத்துக்குப் பின்னர்த் தில்லியில் வருகைக்கும் புறப்பாட்டுக்கும் தனித்தனி வழிகள் வகுக்கப்பட்டன. உயரத்தையும் காட்டும் இரண்டாம் நிலை ரேடார் நிறுவப்பட்டது. இந்திய வான்வெளியில் பறக்கும் பயணிகள் விமானங்களில் மோதல் தவிர்ப்புக் கருவி கட்டாயமாக்கப்பட்டது.

கருவியின் வரலாறு

1956 ஜூன் 30 அன்று அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் மேலே இரண்டு பயணிகள் விமானங்கள் மோதி 128 பேர் இறந்தனர். தரையின் உதவியின்றி விமானமே மோதலை உணர முடியுமா என்ற ஆய்வு இதன்பின் தீவிரமடைந்தது. பெண்டிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் எஸ். மோரல் 1950களின் நடுவில், விமானங்களுக்கு இடையிலான தொலைவைவிட மோதுவதற்கு எஞ்சியிருக்கும் நேரமே முக்கியம் என்ற கருத்தை முன்வைத்தார். இன்றைய கருவிகளும் இந்த அடிப்படையிலேயே இயங்குகின்றன.

தொடக்கக் காலக் கருவிகளுக்கு ஒரு பெரிய சிக்கல் இருந்தது. எல்லா விமானங்களிலும் ஒரே வகைக் கருவி இருந்தால்தான் அவை பயன்பட்டன. 1970களில், விமானங்களில் ஏற்கனவே இருந்த டிரான்ஸ்பாண்டர் என்னும் மறுமொழிக் கருவியையே பயன்படுத்திக்கொள்ளலாம் என்ற தீர்வு எட்டப்பட்டது. 1978இல் சான் டியேகோவில் நிகழ்ந்த மோதலில் 144 பேர் இறந்த பின் இப்பணி வேகம் பெற்றது. 1981இல் அமெரிக்க அரசு டிகாஸ் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தது. 1986இல் லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே செரிடோஸ் என்னும் இடத்தில் பயணிகள் விமானமும் சிறு விமானமும் மோதி 82 பேர் இறந்தனர். அடுத்த ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 30 இருக்கைகளுக்கு மேற்பட்ட பயணிகள் விமானங்கள் அனைத்தும் 1993 இறுதிக்குள் டிகாஸ் பொருத்த வேண்டியதாயிற்று.

ஐகாவோ 2003 சனவரி 1 முதல், 15,000 கிலோகிராமுக்கு மேற்பட்ட எடையுடைய அல்லது 30 பயணிகளுக்கு மேல் ஏற்றும் டர்பைன் பொறி விமானங்களுக்கு உலகளவில் இதைக் கட்டாயமாக்கியது. 2005 சனவரி 1 முதல் இந்த வரம்பு 5,700 கிலோகிராம் அல்லது 19 பயணிகள் எனக் குறைக்கப்பட்டது.

பாகங்கள்

இவ்வமைப்பில் உள்ள முக்கியப் பாகங்கள் பின்வருமாறு:

கணினி: வினவல்களை அனுப்பி, பதில்களை ஆராய்ந்து, ஆபத்தைக் கணித்து, தவிர்க்கும் வழியைத் தேர்வு செய்கிறது.

ஆண்டெனாக்கள்: விமான உடலின் மேற்புறத்தில் ஒன்றும் அடிப்புறத்தில் ஒன்றும் இருக்கும். மேலுள்ளது பதில் வரும் திசையையும் உணரக்கூடியது.

டிரான்ஸ்பாண்டர்: பிறர் வினவும்போது தன் அடையாளத்தையும் உயரத்தையும் பதிலாக அனுப்புகிறது. எஸ் முறை எனப்படும் வகையில் உலகில் ஒவ்வொரு விமானத்துக்கும் 24 இரும இலக்கங்கள் கொண்ட தனி முகவரி உண்டு.

திரையும் ஒலிபெருக்கியும்: சுற்றியுள்ள விமானங்களைக் குறிகளாகக் காட்டுகின்றன, ஆணைகளை ஆங்கிலக் குரலில் ஒலிக்கின்றன.

இயங்கும் முறை

வினவலும் மறுமொழியும்

டிகாஸ் கணினி 1030 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் வினவல் அலைகளை அனுப்புகிறது. அதைப் பெறும் மற்ற விமானத்தின் டிரான்ஸ்பாண்டர் 1090 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் பதில் தருகிறது. தரையில் உள்ள இரண்டாம் நிலை ரேடாரும் இதே அதிர்வெண்களைத்தான் பயன்படுத்துகிறது. அதாவது, தரையிலுள்ள ரேடார் கேட்கும் கேள்வியை இங்கே ஒரு விமானம் இன்னொரு விமானத்திடம் நேரடியாகக் கேட்கிறது. எஸ் முறை டிரான்ஸ்பாண்டர் யாரும் கேட்காமலேயே நொடிக்கு ஒருமுறை தன் முகவரியை அறிவிக்கும். அதைக் கேட்டு, அருகில் ஒரு விமானம் உள்ளது என்று டிகாஸ் அறிந்து, பிறகு அதன் முகவரியைக் குறிப்பிட்டு வினவத் தொடங்குகிறது.

தொலைவு, உயரம், திசை

வினவல் சென்று பதில் திரும்ப ஆகும் நேரத்தைக் கொண்டு தொலைவு கணக்கிடப்படுகிறது. வானொலி அலை ஒரு மைக்ரோ நொடியில், அதாவது நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு நேரத்தில், ஏறத்தாழ 300 மீட்டர் செல்லும். எஸ் முறை டிரான்ஸ்பாண்டர் வினவலைப் பெற்ற பின் 128 மைக்ரோ நொடிகள் கழித்தே பதில் தரும் என்பது நிலையான விதி. வினவி 228 மைக்ரோ நொடிகளுக்குப் பின் பதில் வந்தால், அதில் 128ஐக் கழிக்க, அலை போய்வர எடுத்த நேரம் 100 மைக்ரோ நொடி. ஒருவழிப் பயணம் 50 மைக்ரோ நொடி. எனவே தொலைவு 15 கி.மீ.

உயரத்தை மற்ற விமானமே தன் பதிலில் சொல்லிவிடுகிறது. டிரான்ஸ்பாண்டரின் வகைக்கேற்ப இது 100 அடி அல்லது 25 அடித் துல்லியத்தில் இருக்கும். திசையை ஆண்டெனா உணர்கிறது. ஆனால் இதில் சில பாகைகள் பிழை இருக்கக்கூடும். 15 கி.மீ. தொலைவில் 5 பாகைப் பிழை என்பது ஒரு கி.மீ.க்கும் மேற்பட்ட பக்கவாட்டுப் பிழையாகும். இதனால்தான் டிகாஸ் இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு என்று சொல்வதில்லை. துல்லியமாக அறிந்த உயரத்தை நம்பி, மேலே அல்லது கீழே செல்லுமாறு மட்டுமே சொல்கிறது. பக்கவாட்டு ஆணைகளும் தரும் மூன்றாம் வகை டிகாஸ் ஒன்றை உருவாக்கும் முயற்சி இக்காரணத்தால் கைவிடப்பட்டது.

காலக் கணக்கு

தொலைவை நெருங்கும் வேகத்தால் வகுத்தால், மிக அருகில் வர எஞ்சியிருக்கும் நேரம் கிடைக்கும். 20 கி.மீ. தொலைவில் நொடிக்கு அரை கி.மீ. வேகத்தில் நெருங்கினால் எஞ்சியது 40 நொடி. டிகாஸ் இந்தக் கணக்கை ஏறத்தாழ நொடிக்கு ஒருமுறை செய்துகொண்டே இருக்கிறது.

எத்தனை நொடியில் எச்சரிப்பது என்பது உயரத்தைப் பொறுத்து மாறும். 20,000 அடிக்கு மேல் 48 நொடி இருக்கும்போது முதல் எச்சரிக்கையும், 35 நொடி இருக்கும்போது ஆணையும் வரும். 10,000 முதல் 20,000 அடி வரை இவை 45, 30 நொடிகள். 5,000 முதல் 10,000 அடி வரை 40, 25 நொடிகள். விமான நிலையங்களுக்கு அருகே தாழ்வாகப் பறக்கையில் விமானங்கள் இயல்பாகவே நெருக்கமாக இருப்பதால் இந்த நேரங்கள் மேலும் குறைக்கப்படுகின்றன. தரையிலிருந்து ஏறத்தாழ 1,000 அடிக்குக் கீழே தவிர்ப்பு ஆணைகள் தரப்படுவதில்லை.

நேரக் கணக்கில் ஒரு குறை உண்டு. ஒரே திசையில் செல்லும் இரு விமானங்கள் மிக மெதுவாக நெருங்கினால், கணக்கில் நேரம் நிறைய இருப்பதாகத் தோன்றும்போதே அவை அருகருகே வந்துவிடக்கூடும். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் நெருங்கினால் 35 நொடியில் கடப்பது அரை கி.மீ. மட்டுமே. எனவே குறைந்தபட்சத் தொலைவு ஒன்றும் விதிக்கப்பட்டுள்ளது. 20,000 அடிக்கு மேல் அது ஏறத்தாழ 2 கி.மீ. அதற்குள் வந்துவிட்டால், உயர வேறுபாடும் குறைவாக இருக்கும் நிலையில், நேரம் எவ்வளவு இருந்தாலும் ஆணை வரும்.

இருவகை எச்சரிக்கைகள்

முதலாவது, போக்குவரத்து அறிவிப்பு. திரையில் மற்ற விமானம் மஞ்சள் வட்டமாக மாறும். "டிராஃபிக், டிராஃபிக்" என்ற குரல் ஒலிக்கும். இது விமானியைத் தயாராக இருக்கச் சொல்லும் அறிவிப்பு மட்டுமே. இதைக் கேட்டதும் பாதையை மாற்றக் கூடாது.

இரண்டாவது, தவிர்ப்பு ஆணை. குறி சிவப்புச் சதுரமாக மாறும். ஏறுமாறு "கிளைம்ப், கிளைம்ப்" என்றோ, இறங்குமாறு "டிசெண்ட், டிசெண்ட்" என்றோ, உயரத்தை மாற்றாமல் சமமாகப் பறக்குமாறு "லெவல் ஆஃப், லெவல் ஆஃப்" என்றோ குரல் ஒலிக்கும். எவ்வளவு வேகத்தில் ஏற வேண்டும் அல்லது இறங்க வேண்டும் என்பதைத் திரையில் பச்சை, சிவப்புப் பட்டைகள் காட்டும். ஆபத்து நீங்கியதும் "கிளியர் ஆஃப் கான்ஃப்ளிக்ட்" என்று கருவி அறிவிக்கும்.

விமானி 5 நொடிக்குள் செயல்படத் தொடங்குவார் என்றும், நிமிடத்துக்கு 1,500 அடி வேகத்தில் ஏறுவார் அல்லது இறங்குவார் என்றும் கருவி எதிர்பார்க்கிறது. 35 நொடியில் 5 நொடி கழிந்தால் எஞ்சிய அரை நிமிடத்தில் ஏறத்தாழ 750 அடி விலக முடியும். அது போதாது எனக் கண்டால், நிமிடத்துக்கு 2,500 அடி என வேகத்தைக் கூட்டும்படி ஆணை வலுப்படும். நிலைமை மாறினால் ஏறு என்ற ஆணை இறங்கு என்று தலைகீழாகவும் மாறலாம். உயரத்தைப் பொறுத்து 300 முதல் 700 அடி வரை இடைவெளி உண்டாக்குவதே கருவியின் இலக்கு.

இரு கருவிகளும் ஒத்துப்போதல்

இரு விமானங்களிலும் டிகாஸ் இருந்தால் அவை ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்ளும். ஒன்று மேலே செல்லத் தீர்மானித்தால் அதை மற்றதற்கு உடனே தெரிவிக்கும். மற்றது கீழே செல்லும் வழியையே தேர்ந்தெடுக்கும். இரண்டும் ஒரே கணத்தில் ஒரே திசையைத் தேர்ந்துவிட்டால், 24 இலக்க முகவரியில் பெரிய எண் கொண்ட விமானம் தன் முடிவை மாற்றிக்கொள்ளும். விமானிகள் ஒருவரோடொருவர் பேசத் தேவையில்லை, மொழியும் தடையில்லை.

ஒரு விமானத்தில் மட்டும் டிகாஸ் இருந்து, மற்றதில் உயரம் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் மட்டும் இருந்தாலும் பயன் உண்டு. டிகாஸ் உள்ள விமானம் தனியாகவே விலகிக்கொள்ளும்.

ஆணையா, கட்டுப்பாட்டாளரா

கருவி மேலே போகச் சொல்லும் நேரத்தில் கட்டுப்பாட்டாளர் கீழே போகச் சொன்னால் விமானி எதைக் கேட்க வேண்டும்? இந்தக் கேள்விக்கான தெளிவான விடை பெரும் விலை கொடுத்தே கிடைத்தது.

2001 சனவரி 31 அன்று ஜப்பானில் இரண்டு ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானங்கள் மோதலின் விளிம்புக்குச் சென்றன. கட்டுப்பாட்டாளர் விமான எண்ணை மாற்றிச் சொல்லி, ஏறிக்கொண்டிருந்த விமானத்தை இறங்கச் சொன்னார். அதன் டிகாஸ் ஏறச் சொன்னது. விமானி கட்டுப்பாட்டாளர் சொன்னபடி இறங்கினார். மற்ற விமானம் தன் டிகாஸ் சொன்னபடி இறங்கியது. கடைசி நேரத்தில் கண்ணால் பார்த்து விலகியதால் மோதல் தவிர்க்கப்பட்டது. திடீர்த் திருப்பத்தில் 100 பேர் காயமடைந்தனர்.

2002 சூலை 1 இரவு செருமனியின் யூபர்லிங்கன் நகருக்கு மேலே இதே நிலை மீண்டும் ஏற்பட்டது. ரசியாவின் டுப்போலெவ் 154 பயணிகள் விமானமும், டிஎச்எல் நிறுவனத்தின் போயிங் 757 சரக்கு விமானமும் 36,000 அடியில் ஒன்றையொன்று நெருங்கின. சூரிக் கட்டுப்பாட்டு மையத்தில் அப்போது ஒரே ஒருவர் இரண்டு திரைகளைக் கவனித்துக்கொண்டிருந்தார். பராமரிப்புப் பணியால் அங்கிருந்த எச்சரிக்கை வசதி முழுமையாக இயங்கவில்லை, தொலைபேசி இணைப்பும் இல்லை. தாமதமாக ஆபத்தைக் கண்ட அவர் ரசிய விமானத்தை இறங்கச் சொன்னார். சில நொடிகளில் அதன் டிகாஸ் ஏறச் சொன்னது. சரக்கு விமானத்தின் டிகாஸ் இறங்கச் சொன்னது. சரக்கு விமானம் கருவிக்குக் கீழ்ப்படிந்தது. ரசிய விமானம் கட்டுப்பாட்டாளருக்குக் கீழ்ப்படிந்தது. இரண்டும் கீழிறங்கி மோதின. 71 பேர் இறந்தனர். அவர்களில் பலர் விடுமுறைக்குச் சென்ற பள்ளி மாணவர்கள்.

இரு விமானங்களிலும் கருவி சரியாகவே வேலை செய்தது. இருவரும் கருவியைக் கேட்டிருந்தால் விபத்து நிகழ்ந்திருக்காது. கட்டுப்பாட்டாளரின் திரையில் டிகாஸ் தந்த ஆணை தெரியவில்லை என்பதால், தன் சொல் கருவிக்கு எதிரானது என்பதை அவரால் அறிய முடியவில்லை. இதன்பின் பன்னாட்டு விதிகள் தெளிவாக்கப்பட்டன. தவிர்ப்பு ஆணை வந்தால், கட்டுப்பாட்டாளர் வேறு எதைச் சொன்னாலும் விமானி ஆணைப்படியே நடக்க வேண்டும். ஆணைக்கு எதிர்த் திசையில் ஒருபோதும் செல்லக் கூடாது. "டிகாஸ் ஆர்ஏ" என்று கட்டுப்பாட்டாளருக்குத் தெரிவிக்க வேண்டும். அதைக் கேட்ட கட்டுப்பாட்டாளர், ஆபத்து நீங்கியது என்று விமானி சொல்லும் வரை அவ்விமானத்தின் பாதையை மாற்ற முயலக் கூடாது.

கருவியின் மென்பொருளும் திருத்தப்பட்டது. 7.1 என்னும் பதிப்பில், ஒரு விமானம் ஆணைப்படி நடக்கவில்லை என்று தெரிந்தால் மற்றதன் ஆணையைத் தலைகீழாக்கும் திறன் மேம்படுத்தப்பட்டது. வேகத்தைச் சரிசெய் என்ற பொருளில் ஒலித்த பழைய ஆணையை விமானிகள் சிலர் தவறாகப் புரிந்துகொண்டதால், அது நீக்கப்பட்டு "லெவல் ஆஃப்" சேர்க்கப்பட்டது.

வரம்புகள்

டிகாஸ் பதில் தருபவற்றை மட்டுமே காணும். டிரான்ஸ்பாண்டர் இல்லாத அல்லது அணைக்கப்பட்ட விமானம் அதன் கண்ணுக்குத் தெரியாது. 2006 செப்டம்பர் 29 அன்று பிரேசிலில், டிரான்ஸ்பாண்டர் இயங்காத நிலையில் பறந்த சிறு ஜெட் விமானம் ஒன்று கோல் நிறுவனத்தின் போயிங் 737 விமானத்தோடு மோதியது. இரண்டிலும் டிகாஸ் இருந்தும் எச்சரிக்கை வரவில்லை. போயிங்கில் இருந்த 154 பேரும் இறந்தனர். பறவைகள், பட்டங்கள், பலூன்கள், மறுமொழிக் கருவியற்ற டிரோன்கள் ஆகியவற்றையும் டிகாஸ் அறியாது.

மற்ற விமானம் தன் உயரத்தைச் சொல்லாவிட்டால் தவிர்ப்பு ஆணை தர இயலாது, முதல் எச்சரிக்கை மட்டுமே வரும். உயரத்தைத் தவறாகச் சொன்னால் கணக்கும் தவறாகும்.

தேவையற்ற ஆணைகளும் வருவதுண்டு. ஒரு விமானம் வேகமாக ஏறி, மற்றொன்றுக்கு 1,000 அடி கீழே நிற்க இருந்தாலும், அது நிற்கப் போகிறது என்பதை டிகாஸ் அறியாது. அதே வேகத்தில் ஏறினால் என்ன ஆகும் என்றே கணக்கிடும். எனவே அருகில் வேறு விமானம் இருக்கையில் கடைசி 1,000 அடியில் ஏறும் அல்லது இறங்கும் வேகத்தை நிமிடத்துக்கு 1,500 அடிக்குக் கீழே குறைக்குமாறு விமானிகளுக்கு அறிவுறுத்தப்படுகிறது.

விமானம் பறக்கும் ஆற்றலை இழக்கும் நிலை, தரையை நெருங்கும் நிலை ஆகியவற்றுக்கான எச்சரிக்கைகள் டிகாஸ் ஆணையைவிட முன்னுரிமை பெற்றவை.

தன்னியக்கமும் புதிய தலைமுறையும்

பெரும்பாலான விமானங்களில் டிகாஸ் சொல்ல மட்டுமே செய்யும், செயல்படுத்துவது விமானியே. ஏர்பஸ் ஏ380 போன்ற சில விமானங்களில் தன்னியக்க ஓட்டியே ஆணையைச் செயல்படுத்தும் வசதி உண்டு. ஏகாஸ் எக்ஸ் என்னும் அடுத்த தலைமுறைக் கருவிகள், நிலையான விதிகளுக்கு மாறாக, ஏராளமான நிகழ்வுகளை முன்கூட்டியே கணினியில் கணித்து உருவாக்கிய அட்டவணைகளைப் பயன்படுத்துகின்றன. தேவையற்ற ஆணைகளைக் குறைப்பது இவற்றின் நோக்கங்களில் ஒன்று.

இந்திய ரயில்வேயின் கவச் அமைப்பும் முன்பு இதே டிகாஸ் என்ற சுருக்கப் பெயரால் அறியப்பட்டது. அது ரயில்களுக்கான தனித் தொழில்நுட்பம். ஓட்டுநர் செயல்படாவிட்டால் அது தானே பிரேக் போடும். வானில் விமானம் நிற்க முடியாது என்பதால் விமான டிகாஸ் விலகும் வழியை மட்டுமே தேடுகிறது.

முக்கியத்துவம்

கறம்பக்குடி போன்ற ஊர்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூர், மலேசியாவுக்கும் வேலைக்குச் செல்வோர் திருச்சிராப்பள்ளி, சென்னை விமான நிலையங்களில் ஏறும் விமானங்களில் இக்கருவி இருக்கிறது. பயணிகள் அதன் குரலைக் கேட்பதில்லை. ஆணை வரும் அரிய நேரங்களிலும் விமானம் சற்றே ஏறுவதாகவோ இறங்குவதாகவோதான் அவர்கள் உணர்வர்.

சர்க்கி தாத்ரி, யூபர்லிங்கன், பிரேசில் ஆகிய மூன்று விபத்துகளையும் சேர்த்துப் பார்த்தால், இக்கருவி உயிர் காக்க மூன்று நிபந்தனைகள் தேவை என்பது புலப்படும். விமானத்தில் கருவி இருக்க வேண்டும். எதிரே வரும் விமானத்தின் டிரான்ஸ்பாண்டர் இயங்கி உண்மையான உயரத்தைச் சொல்ல வேண்டும். ஆணை வந்ததும் விமானி தயங்காமல் அதன்படி நடக்க வேண்டும். சர்க்கி தாத்ரியில் முதல் நிபந்தனை இல்லை, பிரேசிலில் இரண்டாவது இல்லை, யூபர்லிங்கனில் மூன்றாவது இல்லை.